இருட்டில் வெளுத்த நீலம்

வெளிச்சத்தையே காணாத ஒரு பொருள், வெயிலில் கிடந்தது போல வெளுத்துப் போகுமா?

போயிருந்தது. ரேடியோ அதைத்தான் கால் மணி நேரமாக முறைத்துக்கொண்டிருந்தான். ஆள்காட்டி விரல் நீளத்துக்கு ஒரு சின்னச் சீட்டு. அதில் அடுக்கடுக்காக நான்கு நீலக் கம்பளிப் பட்டைகள். சீட்டின் வலது பாதியைக் கறுப்புத் தாள் மடிப்பு ஒன்று மூடியிருந்தது. மடிப்பைத் தூக்கினால் அடியில் நாலு பட்டையும் பளிச்சென்ற நீலம். மூடாத இடது பாதியில் மேலிருந்த இரண்டு பட்டைகள், பல தடவை துவைத்த சட்டை மாதிரி சாம்பல் பூத்துக் கிடந்தன.

"அண்ணி, ஒண்ணு சொல்லட்டுமா?"

"வேணாம்னா விடவா போறே?"

"சீட்டுக்கு வயசாயிடுச்சு. நமக்கு முடி நரைக்கலையா?"

"உனக்கு நரைக்காது தம்பி. கவலைப்படுறவனுக்குத்தான் நரைக்கும். கொஞ்ச நேரம் ரேடியோவை அணை."

வாயை மூடாததால் வீட்டில் வைத்த பெயர் ரேடியோ. தொழிலுக்கு வந்த பிறகும் அதுவே ஒட்டிக்கொண்டது. அண்ணி, அவனுடைய அண்ணன் மனைவி. பதினாறு வருடம் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் பொய்யான இழப்பு விண்ணப்பங்களைப் பிரித்து மேய்ந்துவிட்டு, இப்போது சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் வைத்திருந்தாள். அலுவலகம் என்றால் ஒரு அறை, இரண்டு நாற்காலி, ஒரு கொழுந்தன்.

இருவரும் நின்றிருந்தது ஓவிய அருங்காட்சியகத்தின் அடித்தளக் கிடங்கில். மேலே கூடத்தில் ஜனங்கள் பார்ப்பது பத்தில் ஒரு பங்குதான். மீதி ஒன்பது பங்கும் ஜன்னல் இல்லாத இந்த அறையில், இரும்பு அலமாரிகளின் தட்டையான இழுப்பறைகளில், பெட்டிக்குள் பெட்டியாகத் தூங்கின. ஆள் நடமாட்டம் நின்ற நாலாவது நிமிடம் விளக்கு தானாக அணைந்துவிடும். அதனால் ரேடியோ அவ்வப்போது கையை ஆட்டிக்கொண்டே இருந்தான்.

"அதைக் கழட்டிடுங்க சார்," என்றாள் பெட்டியம்மா, அவன் ஆசையோடு மாட்டியிருந்த வெள்ளைக் கையுறையைக் காட்டி. "காகிதத்துக்குக் கையுறை ஆகாது. ஓரம் எங்கே இருக்குன்னு விரலுக்குத் தெரியாது, கிழிச்சிடுவோம். கையைக் கழுவித் துடைச்சுட்டு வெறுங்கையால தொடுறதுதான் நல்லது."

கிடங்குப் பொறுப்பாளர் அவள். நாற்பதை எட்டாத வயது. இந்தக் கட்டடத்தில் எந்தப் படம் எந்தப் பெட்டியில் என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். அதனால் எல்லாரும் பெட்டியம்மா என்றே கூப்பிட்டார்கள். அவள்தான் காலையில் அண்ணிக்குப் போன் செய்தவள். குரல் உடைந்திருந்தது.

விஷயம் இதுதான். காகிதத்தில் நீர்வண்ணத்தால் வரைந்த படங்களை வெளிச்சம் மெல்ல மெல்லத் தின்னும். தின்றதை எந்தக் கொம்பனாலும் திருப்பி வாங்க முடியாது. அதனால் மூன்று மாதம் சுவரில் தொங்கினால் மூன்று வருடம் இருட்டில் கிடக்க வேண்டும் என்பது சட்டம். அருங்காட்சியகத்து ஆட்கள் இதை 'ஓய்வு' என்று சொல்வார்கள், மனுஷர்களுக்குச் சொல்வது போலவே. 'மஞ்சள் படகு' என்ற நீர்வண்ணப் படம் ஐந்து மாதத்துக்கு முன்பு ஓய்வுக்குப் போனது. இந்த அருங்காட்சியகத்தின் ஆகப் பெரிய சொத்து அது. நேற்று முன்தினம், வருடாந்திரச் சோதனைக்காகப் பெட்டியம்மா பெட்டியைத் திறந்தாள். படத்தின் பக்கத்தில் இருந்த நீலச் சீட்டு வெளுத்திருந்தது.

"சீட்டோட வேலையே அதுதான் மேடம். படம் மங்குறது கண்ணுக்குத் தெரியறதுக்கு முன்னாடி இந்தக் கம்பளி மங்கிடும். கம்பளி வெளுத்துச்சுன்னா, படத்து மேலயும் அவ்வளவு வெளிச்சம் விழுந்திருக்குன்னு அர்த்தம்."

"இருட்டுல இருக்கற படத்துக்கு எதுக்கும்மா இது?" என்றான் ரேடியோ. "வீட்டுக்குள்ள குடை பிடிக்கிற மாதிரி இருக்கே."

"எல்லாரும் அப்படித்தான் சிரிச்சாங்க. கூடத்துல தொங்குற படத்துக்கு மட்டும் ஒட்டுறதுதான் வழக்கம். நான் பெட்டிக்குள்ளயும் ஒட்டினேன். கடைசியில என் குடையே எனக்கு எமனாயிடுச்சு." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நான் படத்தை வெளிச்சத்துல போட்டுக் கெடுத்துட்டேன்னு இயக்குநர் வேலைநீக்கக் கடிதம் தயார் பண்ணிட்டார். அஞ்சு மணிக்குக் கையெழுத்து. அந்தக் கடிதத்தோட வெளியே போனா, ஒரு படிக்கட்டைத் துடைக்கக்கூட எந்த அருங்காட்சியகமும் என்னை உள்ளே விடாது."

கடிகாரத்தில் மணி மூன்று.

"பக்கத்துப் பெட்டிகளைத் திறங்க," என்றாள் அண்ணி.

மேல் இழுப்பறை, கீழ் இழுப்பறை, அடுத்த அலமாரி. ஒன்பது பெட்டிகள் திறந்தார்கள். ஒன்பதிலும் நீலச் சீட்டு புதுப்பெண் மாதிரி இருந்தது. கிடங்கு விளக்கைக் குறை சொல்ல வழியில்லாமல் போயிற்று.

"இவ்வளவு வெளுக்க எத்தனை நாள் ஆகும்?"

"கூடத்து விளக்குன்னா நாலஞ்சு மாசம். ரெண்டாவது பட்டை அசையவே மூணு மாசம் போகும்."

"இந்தப் பெட்டி அஞ்சு மாசத்துல எத்தனை தடவை வெளியே போச்சு?"

பெட்டியம்மா கிடங்குப் பதிவேட்டைப் புரட்டினாள். "ஒரே தடவை. பத்து நாளைக்கு முன்னாடி, திங்கட்கிழமை. பட டாக்டர் பூஞ்சை பார்க்கணும்னு பதினோரு மணிக்குத் தன் அறைக்கு எடுத்துட்டுப் போனார். ஒரு மணிக்குத் திரும்பி வந்துடுச்சு."

"ரெண்டு மணி நேரம்," என்றான் ரேடியோ ஏமாற்றத்துடன். "ரெண்டு மணி நேரத்துல எங்க அண்ணன் சட்டைகூடக் காயாது."

வெள்ளைக் கோட்டோடு ஒருவர் படியிறங்கி வந்தார். நெற்றியில் தூக்கிவிட்ட பூதக்கண்ணாடி. கிழிந்த படம், கறை பட்ட படம், பூச்சி அரித்த படம் எல்லாவற்றையும் செப்பனிடுபவர். அதனால் பட டாக்டர். நோயாளியின் உறவினர்களிடம் பேசுவது போலவே தணிந்த குரலில் பேசினார்.

"நீங்கதானா அது? கேள்விப்பட்டேன். படத்துக்கு ஒண்ணும் ஆகலை, திருட்டும் போகலை. நானே கண்ணாடி வெச்சுப் பார்த்தேன், அசல் மூலம்தான். நிறம் மட்டும் ஒரு சுற்று இறங்கியிருக்கு. பாவம், இந்தம்மா மேல எனக்கு எந்தக் கோபமும் இல்லை. வேலைப்பளு, மறந்திருப்பாங்க."

"நான் எதையும் மறக்கலை சார்!"

"கோபப்படாதீங்கம்மா. சீட்டு பொய் சொல்லுமா?" அவர் மணிக்கட்டைப் பார்த்தார். "நான் நாலரைக்குக் கிளம்பணும். மகளோட பள்ளிக்கூடத்துல ஒரு விழா."

அவர் படியேறிப் போகும்வரை ரேடியோ காத்திருந்தான். பிறகு அண்ணியின் காதருகே குனிந்தான்.

"எனக்கு இயக்குநர் மேலதான் சந்தேகம். வரும்போது அவர் அறைச் சுவரைப் பார்த்தீங்களா? நடுவுல ஒரு சதுரம் மட்டும் சுண்ணாம்பு பளிச்சுன்னு இருந்துச்சு. அஞ்சு மாசம் இந்தப் படத்தை அங்கே மாட்டி ரசிச்சிருக்கார். சோதனை வருதுன்னதும் திருப்பி வெச்சுட்டார்."

"அந்தச் சதுரம் உன் நெஞ்சகலம் இருக்கு. இந்தப் படம் ஒரு நோட்டுப் புத்தகம் அளவு. அதோட அங்கே சுவர்க்கடிகாரம் தொங்கியிருந்தது. இப்போ அது மேசை மேல கிடக்கு."

"நீங்க எப்ப கவனிச்சீங்க?"

"நீ பேசிக்கிட்டிருந்தப்போ."

பெட்டிக்குள் கிடந்த படத்தை அண்ணி தொடாமல் பார்த்தாள். ஜன்னல் மாதிரி நடுவில் வெட்டிய தடித்த வெள்ளை அட்டை, அதற்குள் ஆறும் மஞ்சள் படகும். அந்த வெள்ளை அட்டைக்கு மவுண்ட் என்று பெயர். நீலச் சீட்டு மவுண்டின் கீழ் மூலையில் ஒட்டியிருந்தது.

"பெட்டியம்மா, சீட்டை விட்டுடுவோம். இந்தக் கட்டடத்துல அஞ்சு மாசம் வெளிச்சத்துல நின்ன இடம் எது?"

"மேல்கூடம் மேடம். ஆனா அங்கே நடந்த கண்காட்சி நேத்தோட முடிஞ்சுது. இறக்கிட்டிருக்காங்க."

"அப்போ ஓடுவோம்."

கண்காட்சி முடிந்த கூடம், கல்யாணம் முடிந்த மண்டபம் போல இருந்தது. ஏணிகள், மெத்தை விரித்த தள்ளுவண்டிகள், சுவரில் சின்னச் சின்னப் பேப்பர் பொட்டலங்கள். ஒவ்வொரு பொட்டலத்திலும் அந்தந்தப் படத்தின் திருகாணிகள், கலந்துவிடக் கூடாது என்று. ஒரு படத்தை இரண்டு பேர் பிடித்து இறக்கினார்கள். யாரும் பின்பக்கமாக நடக்கவில்லை. பின்னால் நடப்பவன் எதை மிதிப்பான் என்று அவனுக்கே தெரியாதல்லவா? ஒருவர் வாயில் ஆணி கவ்வியிருப்பதைப் பார்த்து, மேற்பார்வை செய்த கூடத்துக் காவலர் அதட்டினார்.

நீண்ட மேசையில் சட்டம் கழற்றிய படங்கள் மவுண்டோடு வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு நீலச் சீட்டு. பெட்டியம்மா ஒவ்வொரு மடிப்பாகத் தூக்கிக் காட்டினாள். எல்லாவற்றிலும் இரண்டு பட்டைகள் வெளுத்திருந்தன.

"ஒரே வெயில்ல வரிசையா நின்ன பசங்க," என்றான் ரேடியோ. "நம்ம பெட்டிச் சீட்டும் இதே ஜாடை."

"அச்சு அசலா இதே ஜாடை," என்றாள் அண்ணி. அவள் பார்வை சுவரில் ஓடியது. ஒரு கொக்கி காலியாக இருந்தது. அதன் கீழே மட்டும் விவரப் பலகையை இன்னும் எடுக்கவில்லை. *மஞ்சள் படகு. இது நகல். மூலம் ஓய்வில் உள்ளது.*

"இங்கே நகல் தொங்குச்சா?"

"அஞ்சு மாசமும்," என்றாள் பெட்டியம்மா. "மூலத்தை மூணு மாசத்துக்கு மேல மாட்டக் கூடாதே. அதனால அச்சடிச்ச நகல். நல்ல தாள், நல்ல மை. ரெண்டடி தள்ளி நின்னா எனக்கே வித்தியாசம் தெரியாது."

"நகலுக்கும் சீட்டு ஒட்டினீங்களா?"

"எல்லாத்துக்கும் ஒட்டிட்டு அதை மட்டும் விட்டா வரிசை கெட்டுப்போகும்னு அதுக்கும் ஒட்டினேன்." அவள் கொஞ்சம் கூச்சப்பட்டாள். "கோணலாப் பார்க்காதீங்க மேடம், எனக்கு அப்படி ஒரு புத்தி."

"உங்க புத்தி நல்லா இருக்கட்டும். அந்த நகல் எங்கே?"

கூடத்துக் காவலர் ஏணியைப் பிடித்தபடியே பதில் சொன்னார். "காலையிலேயே பட டாக்டர் வாங்கிட்டுப் போயிட்டாரே. கண்காட்சி முடிஞ்சா நகலைத் துண்டு துண்டா வெட்டிப் போடணும்னு விதி. யாராவது மூலம்னு சொல்லி வித்துடக் கூடாதில்லையா? இவர் மகளோட பள்ளிக்கூடத்துக்கு வேணும்னு எழுதிக் கேட்டார். இயக்குநரும் சரின்னுட்டார். வாசல் அனுமதிச் சீட்டுகூட ரெடி."

"நல்ல அப்பா," என்றான் ரேடியோ.

"அந்த நகல் நடுவுல எப்பவாவது சுவரை விட்டு இறங்குச்சா? உங்ககிட்டயும் பதிவேடு இருக்குமே."

"கிடங்குக்கு ஒண்ணு, கூடத்துக்கு ஒண்ணு. அவங்க பதிவேடு அவங்களுக்கு, என்னுது எனக்கு." காவலர் பெருமையாகத் தடித்த நோட்டை எடுத்து வந்தார். "இதோ. பத்து நாளைக்கு முன்னாடி, விடுமுறைத் திங்கட்கிழமை. சட்டத்தோட மூலை விட்டுப்போச்சுன்னு டாக்டர் கழட்டிட்டுப் போனார். பத்தரைக்குப் போய் ஒண்ணரைக்கு வந்துச்சு."

அண்ணி, பெட்டியம்மா கையில் இருந்த கிடங்குப் பதிவேட்டை வாங்கி, கூடத்துப் பதிவேட்டின் பக்கத்தில் வைத்தாள். ஒரே தேதி. பதினொன்று முதல் ஒன்று. பத்தரை முதல் ஒன்றரை. இதுவரை யாரும் அந்த இரண்டு நோட்டுகளையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்ததில்லை. வைக்க வேண்டிய அவசியமும் வந்ததில்லை.

ரேடியோ இரண்டு தேதிகளின் மேலும் விரலை வைத்துப் பார்த்தான்.

"மணி என்ன?" என்றாள் அண்ணி.

"நாலு இருபத்தஞ்சு."

"பெட்டியம்மா, பெட்டியோட டாக்டர் அறைக்கு வாங்க. தம்பி, இயக்குநரை இழுத்துட்டு வா. மரியாதையா இழு."

பட டாக்டர் பழுப்புத் தாளில் சுற்றிய பொட்டலத்தைப் பைக்குள் செருகிக்கொண்டிருந்தார். கதவு திறந்ததும் புன்னகைத்தார். புன்னகையில் அவசரம் தெரிந்தது.

"நகல்தானே சார்?" என்றாள் அண்ணி. "ஒரு தடவை பார்த்துட்டுத் தர்றேன்."

"கசங்கிடும். பிள்ளைங்க பார்க்கப் போற சாமான்."

இயக்குநர் மூச்சு வாங்க உள்ளே வந்தார். பின்னால் ரேடியோ, அவர் குடையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு. "என்ன நடக்குது இங்கே? ஒரு நகலுக்கா இவ்வளவு கூட்டம்? காட்டிடுங்களேன் டாக்டர்."

பொட்டலம் பிரிந்தது. ஆறு, மஞ்சள் படகு, வெள்ளை மவுண்ட், மூலையில் நீலச் சீட்டு. பெட்டியம்மாவும் பெட்டியைத் திறந்து பக்கத்தில் வைத்தாள். ரேடியோ மாறி மாறிப் பார்த்தான். இரட்டைக் குழந்தைகளைப் பார்ப்பது போல இருந்தது.

"டாக்டர், அந்த மடிப்பை நீங்களே தூக்குங்க," என்றாள் அண்ணி.

அவர் தூக்கவில்லை. பெட்டியம்மா தூக்கினாள்.

இரண்டு பாதியும் ஒரே நீலம். துளி வெளுப்பு இல்லை.

"அஞ்சு மாசம் விளக்குக்குக் கீழே தொங்கின சீட்டு," என்றாள் அண்ணி, "இப்போதான் கடையில வாங்கின மாதிரி இருக்கு."

இயக்குநர் முகம் மாறியது. டாக்டர் முகம் மாறவில்லை. அவர் பெட்டியம்மா பக்கம் திரும்பினார், வருத்தத்தோடு தலையை ஆட்டினார்.

"இதைத்தான் நான் சொல்ல வேணாம்னு நினைச்சேன். இந்தம்மாவேதான் சீட்டை மாத்தி ஒட்டியிருக்காங்க. சீட்டு ஒட்டுறது அவங்க, பிரிக்கிறது அவங்க, பசையும் அவங்ககிட்டதான் இருக்கு. எதுக்குன்னு அவங்களையே கேளுங்க."

இயக்குநர் மெல்லப் பெட்டியம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் சந்தேகம் பழையபடி வந்து உட்கார்ந்ததை ரேடியோ கண்டான். பெட்டியம்மாவின் கை பெட்டி ஓரத்தை இறுகப் பிடித்தது. சரிதானே, சீட்டு இரண்டும் இடம் மாறியிருந்தால் இப்படித்தானே இருக்கும்? ரேடியோ அண்ணியைப் பார்த்தான்.

அண்ணி சிரித்தாள். "நல்ல வாதம். சீட்டு மட்டும் மாறியிருந்தா படம் ரெண்டும் அதது இடத்துல இருக்கணும், இல்லையா? அந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் கழட்டிக் கொடுங்க."

டாக்டரின் கை நெற்றிக்குப் போய் அங்கேயே நின்றது.

"ரொம்பச் சிரமமா இருந்தா நான் கழட்டுறேன்," என்று ரேடியோ பக்கத்தில் போய் நின்றான். "முடி பிடுங்காம எடுப்பேன்."

கண்ணாடி கைமாறியது. அண்ணி அதைத் தான் வைத்துக்கொள்ளாமல் இயக்குநரிடம் நீட்டினாள்.

"சார், முந்தாநேத்து இதுல பார்த்தது யார்?"

"டாக்டர். அது அவர் வேலைதானே. நாங்க யாரும் பார்க்கலை. டாக்டர் மூலம்னார், நம்பினோம்."

"இப்போ நீங்களே பாருங்க. தூரிகையால தொட்ட நீர்வண்ணம் தாளோட மேடு பள்ளத்துல குளம் மாதிரி தேங்கி, ஓரத்துல கரை கட்டி நிற்கும். இயந்திரம் அடிச்ச மை, எள்ளைத் தூவினாப்பல புள்ளி புள்ளியா இருக்கும். முதல்ல பெட்டியில ஓய்வெடுக்கிற 'மூலம்'."

இயக்குநர் பெட்டிக்குள் குனிந்தார். படகின் மேல் கண்ணாடியை வைத்தார். நேரம் போனது. பிறகு நிமிர்ந்தார்.

"புள்ளி," என்றார். "எல்லாம் புள்ளி."

பழுப்புத் தாளின் மேல் இருந்த படத்தில் வைத்தார். இந்தத் தடவை சீக்கிரமே நிமிர்ந்தார். "புள்ளியே இல்லை," என்று அந்தப் படத்தை இரண்டு கையாலும் எடுத்து, பெட்டியம்மாவிடம் கொடுத்தார். அவள் அதைப் பிள்ளையை வாங்குவது போல வாங்கிக்கொண்டாள்.

டாக்டர் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். கதவை மறித்து நின்ற ரேடியோ, "பள்ளிக்கூட விழாவுக்கு நேரமாச்சே சார்," என்றான்.

"எனக்கு இன்னும் தலை சுத்துது," என்றார் இயக்குநர். "போலீசுக்குப் போன் பண்ணணும். நான் என்னன்னு சொல்றது? சின்னக் குழந்தைக்குச் சொல்ற மாதிரி சொல்லுங்க மேடம்."

அண்ணி இரண்டு பதிவேடுகளையும் அவர் முன்னால் விரித்து வைத்தாள்.

"பத்து நாளைக்கு முன்னாடி, பூஞ்சைன்னு சொல்லி மூலத்தையும், சட்டத்து மூலைன்னு சொல்லி நகலையும் இவர் ஒரே நேரத்துல இந்த அறைக்குக் கொண்டுவந்தார். ரெண்டு வேற வேற நோட்டுல எழுதினதால யாருக்கும் தெரியலை. படத்தை மவுண்டுல இருந்து பிரிச்சு மாத்தி ஒட்டினா பசை காயவே அரை நாள் ஆகும். இவருக்கு இருந்தது ரெண்டு மணி நேரம். அதனால மவுண்டோடயே மாத்திட்டார். மூலம் சுவருக்குப் போச்சு, நகல்ங்கற பலகைக்கு மேல. நகல் பெட்டிக்குப் போச்சு. சுவர்ல இருக்கறதை எழுதிக் கேட்டு வாங்கி, உங்க அனுமதிச் சீட்டோடயே முன்வாசல் வழியா எடுத்துட்டுப் போறதுதான் திட்டம். ரெண்டு மவுண்டுலயும் நீலச் சீட்டு இருந்ததால ரெண்டும் ஒண்ணுன்னு நினைச்சுட்டார், மடிப்பைத் தூக்கிப் பார்க்கலை. அஞ்சு மாசம் கூடத்துல வெளுத்த சீட்டு நகலோட சேர்ந்து பெட்டிக்குள்ள வந்துடுச்சு. மூலத்து மேல விழுந்த வெளிச்சம் மொத்தமே பத்து நாள், அதுக்கு ஒண்ணும் ஆகலை. இந்தம்மா பெட்டிக்குள்ள வெளிச்சத்தை விடலை சார். வெளிச்சத்துல இருந்த படத்தை இவர்தான் பெட்டிக்குள்ள வெச்சார்."